வேலூரிலிருந்து எண்ணிய கல்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த வேலை மைல்கல் எண்ணுவது. சாலை ஆலோசனை நிறுவனம் ஒன்று. ஜீப்பில் போய்க் கல், பாலம், வளைவு எல்லாவற்றையும் தாளில் ஏற்ற வேண்டும். 2010இல் மத்திய அரசு தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புது எண் கொடுத்து ஓரிரு வருடம்தான் ஆகியிருந்தது.

சென்னையிலிருந்து தேனி வரை ஒரே எண்ணில் ஓடிய என்.எச். 45 அதில் துண்டு துண்டானது. திண்டிவனம் வரை 32, அங்கிருந்து விழுப்புரம் 132, பிறகு திருச்சி வரை 38, திண்டுக்கல்லுக்கு 83, அப்புறம் தேனிப் பக்கம் 183. கணக்கு என்னவோ ஒழுங்குதான். வடக்கு தெற்காகப் போனால் இரட்டைப்படை, கிழக்கு மேற்கு என்றால் ஒற்றைப்படை. மூன்று இலக்கம் வந்தால் கிளை. 132 என்பது 32இன் கிளை. வரைபடத்தில் பார்க்க அழகாக இருக்கும்.

தரையில்தான் சிக்கல். எண் மாறினால் சைபர் கிலோமீட்டரும் இடம் மாறும். 38 தொடங்குவது வேலூரில். போலீஸ் தந்த விபத்துப் பட்டியலோ சென்னையிலிருந்து எண்ணியது. அது தெரியாமல் உளுந்தூர்பேட்டைப் பக்கம் கோடு போட்டது மாதிரி நேராகக் கிடந்த ரோட்டில் 'அபாய வளைவை' அரை நாள் தேடினேன். டிரைவர் அண்ணன் பீடியை அணைத்துவிட்டு, "தம்பி, அது பழைய நாற்பத்தஞ்சு கணக்கு" என்றார். ஆபீசில் யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

ஊருக்குள் கதை வேறு. புறவழிச்சாலை வந்ததும் தேசிய எண் அதற்குப் போய்விடும். பழைய ரோடு மாநிலத்தின் கைக்கு வந்தால் கல்லின் மஞ்சள் தலை பச்சையாகும். கைமாறும் வரை குழியை மூட ஆள் கிடைக்காது. 2016 டிசம்பரில் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, நகருக்குள் ஓடும் நெடுஞ்சாலைகளைச் சாதாரணச் சாலைகளாக இறக்கச் சில மாநிலங்கள் காட்டிய வேகம் இருக்கிறதே! கோப்பு அவ்வளவு சீக்கிரம் நகரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

இப்போதும் என் அறிக்கைகளில் பழைய எண், பழைய கிலோமீட்டர் என்று இரண்டு கட்டம் கூடுதலாக இருக்கும். மேலாளர் ஒருவர் தேவையில்லை என்று அடித்துவிட்டார். அடுத்த மாதம் விபத்துப் பட்டியல் வந்ததும் அவரே கேட்டார்: "அந்தப் பழைய ஷீட் இருக்கா?"