கரைக்குக் கீழே யார் இருக்கிறார்கள்?

சிங்கப்பூரின் 17 நீர்த்தேக்கங்களும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. அதனால் தனியார் பாசன அணைகளை நான் பார்ப்பதெல்லாம் ஜூரோங் ஈஸ்ட் அலுவலகத்தில், கணினித் திரையில்தான். பெரும்பாலும் ஆஸ்திரேலியப் பண்ணைகள். விவசாயி தன் நிலத்திலேயே மண்ணைக் கொட்டி, இறுக்கி எழுப்பிய கரை; ஓரத்தில் மிகைநீர் வழிய ஒரு கலிங்கு. இந்தக் கரைகள் எந்தப் பாதுகாப்பு வகையில் சேரும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது எங்கள் வேலை.

ஆஸ்திரேலிய முறையில் 'மிகக் குறைவு' தொடங்கி 'அதிதீவிரம்' வரை 7 படிகள். கரை எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதற்கும் இந்தப் படிகளுக்கும் சம்பந்தமில்லை. உடைந்தால் கீழே எத்தனை பேர் சிக்குவார்கள், என்ன சேதமாகும் என்பதே கணக்கு. புத்தம் புதுக் கரை மேல்படியில் இருக்கலாம். விரிசல் விட்ட கரை கீழ்ப்படியில் இருக்கலாம்.

புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் பழைய கோப்பைக் காட்டி, "குறைவுன்னுதான் போட்டிருக்காங்க அக்கா, அப்புறம் எதுக்கு இவ்வளவு பார்க்கணும்?" என்றார். ஹவாயின் கா லோகோ அணையைப் பற்றிச் சொன்னேன். 1890இல் கரும்புத் தோட்டப் பாசனத்துக்காகக் கட்டிய மண் அணை. பின்னாளில் வேறொரு தனியார் கைக்கு மாறியது. 2006 மார்ச் 14 அதிகாலை, பல வார மழைக்குப் பின் உடைந்து 7 பேரைக் கொண்டுபோனது. கலிங்கு மண்ணால் மூடப்பட்டிருக்கலாம், தண்ணீர் கரை மேலேயே ஏறி வழிந்திருக்கலாம் என்றது விசாரணை. அரசுப் பதிவில் அந்த அணைக்கு இருந்த வகை 'குறைந்த அபாயம்'.

தம்பி கேட்ட அந்தக் கோப்பிலும் கரை மாறவே இல்லை. மாறியது கீழே உள்ள நிலம். பழைய வான்படத்தில் வெறும் மேய்ச்சல் புல். புதிய படத்தில் ஓடையை ஒட்டித் தகரக் கூரை வீடு ஒன்று, முற்றத்தில் பிள்ளைகள் குதித்து விளையாடும் வட்ட வலை. கரை உடைந்தால் அந்த வாசலில் தண்ணீர் எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம் என்று பார்த்தோம். இரண்டையும் பெருக்கி வரும் எண்தான் ஆள் நிற்க முடியுமா என்று சொல்லும். பெரியவர்கள் தாக்குப்பிடிக்கும் அளவில் பிள்ளைகள் நிற்க மாட்டார்கள். அங்கே வந்த எண்ணுக்குப் பெரியவர்களும் நிற்க முடியாது. தண்ணீர் வந்து சேரக் கால் மணி நேரம்கூட ஆகாது.

வகையை உயர்த்தி எழுதினோம். வகை ஏறினால் கலிங்கை அகலப்படுத்த வேண்டும், அவசரகாலத் திட்டம் வேண்டும், ஆய்வுக்கு ஆள் வர வேண்டும். எல்லாம் உரிமையாளர் செலவு. "அப்பா கரை கட்டினபோது அங்கே ஒரு வீடும் இல்லையே" என்று அவர் வருந்தினார். அவர் கேட்டது நியாயம்தான், எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் அந்த வாசலில் வந்த எண்ணைப் பார்த்த பிறகு பழைய வகையை அப்படியே விட முடியாது.

வீட்டுக்கு அனுமதி கொடுக்கும்போதே மேலே அணை இருக்கிறதா என்று பார்த்து, இரு தரப்புக்கும் ஒரு கடிதம் போட்டிருந்தால் இந்தச் சுமை அவர் ஒருவர் தலையில் விழுந்திருக்காது. இப்போதெல்லாம் ஒவ்வோர் அறிக்கையிலும் இதைப் பரிந்துரையாக எழுதுகிறேன். வகையை மறுபடி பார்க்க வேண்டிய ஆண்டையும் முதல் பக்கத்திலேயே போட்டுவிடுகிறேன்.