ஆமை நட்ட கருங்காலி

மொரீஷியஸில் எங்கள் மாஹேபர்க் ஊருக்கு வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்பது புளூ பே கடற்கரையைத்தான். சரி, போய்க் குளியுங்கள். ஆனால் அங்கிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிற ஈல் ஓ ஐக்ரெத் தீவையும் ஒரு எட்டு பார்த்துவிடுங்கள். ஏறக்குறைய 26 ஹெக்டேர்தான். மொரீஷியஸின் பழைய கடலோரக் காட்டில் மிஞ்சிய கொஞ்சம் அங்கேதான் இருக்கிறது.

அந்தத் தீவின் கருங்காலி மரங்களை விறகுக்கு வெட்டித் தள்ளினார்கள். மிச்ச மரங்கள் காய்த்தும் பயனில்லை. பழத்தைத் தின்று விதையைத் தூரமாகக் கொண்டுபோய்ப் போட வேண்டிய நம்மூர் ராட்சத ஆமைகளை மனுஷன் எப்போதோ தின்று தீர்த்துவிட்டான். அதனால் 2000-ஆம் ஆண்டில் அல்டாப்ரா ஆமைகளை, அதாவது செஷல்ஸ் நாட்டு அல்டாப்ரா தீவின் ராட்சத ஆமை இனத்தை, கொண்டுவந்து விட்டார்கள். அந்த ஆமை பழத்தை விழுங்கி, ஆடி அசைந்து நடந்து, வேறெங்கோ சாணம் போடுகிறது. அதிலிருந்து கருங்காலிக் கன்று எழும்புகிறது! ஆமையின் வயிற்றுக்குள் போய்வந்த விதை இன்னும் நன்றாக முளைக்கிறதாம். வெளியூர் ஆமையை ஏன் விட்டார்கள் என்று கேட்பவர்களுக்கு என் பதில் அந்தக் கன்றுகள்தான்.

டோடோ பறவையை அழியவிட்டுத் தொலைத்துவிட்டு அதன் படத்தைத் துண்டிலும் சாவிக்கொத்திலும் போட்டு விற்கிற ஊர் நம்முடையது. மொரீஷியஸ் வல்லூறு என்கிற வேட்டைப் பறவையும் அந்த வழியில்தான் போயிருக்கும். 1974-இல் காட்டில் தெரிந்தவை வெறும் 4. கூண்டில் குஞ்சு பொரிக்க வைத்து மீட்டார்கள்.

தீவைப் பார்க்கும் டிக்கெட் விலை ஜாஸ்தி என்று புலம்பாதீர்கள் மாமா, அந்தக் காசு காட்டுக்குத்தான் போகிறது. தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம்.