திருக்கோஷ்டியூர் மாசித் தெப்பம்

சிவகங்கையிலிருந்து திருப்பத்தூர் போகும் சாலையில் உள்ள பெரிய கிராமம் திருக்கோஷ்டியூர். ஆழ்வார்கள் பாடிய 108 திவ்ய தேசங்களில் ஒன்று. மாசித் தெப்பத்துக்கு அங்கே போயிருந்தோம்.

சௌமிய நாராயணப் பெருமாள் கோயிலுக்குள் நுழைந்ததும் முதலில் இருப்பது சிவலிங்கம். அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் பெருமாளிடம் போனோம். கருவறைக் கோபுரமான அஷ்டாங்க விமானத்தில் பெருமாள் தளத்துக்கு ஒரு கோலம். கீழே நர்த்தன கிருஷ்ணன், அடுத்து சயனம், அதற்கும் மேலே நின்ற கோலம், உச்சியில் வீற்றிருந்த கோலம். படிகள் குறுகல், குனிந்துதான் ஏற வேண்டும்.

மேலே ராமானுஜர் நிற்கிறார். திருக்கோஷ்டியூர் நம்பியிடம் ‘ஓம் நமோ நாராயணாய’ என்ற எட்டெழுத்து மந்திரத்தின் பொருள் கேட்க, ஸ்ரீரங்கத்திலிருந்து 18 முறை நடந்து வந்தார் என்பது வைணவ மரபு. யாருக்கும் சொல்லாதே, மீறினால் நரகம் என்றார் குரு. இவரோ மேலே ஏறி ஊரையே அழைத்துச் சொல்லிவிட்டார். தான் ஒருவன் நரகம் போனாலும் மற்றவர்கள் உய்வார்களே என்றவரை, நம்பியே ‘எம்பெருமானார்’ என்று அழைத்து அணைத்துக்கொண்டார். அந்த இடத்தில் நின்றபோது எனக்கு வாயில் வேறு பேச்சு வரவில்லை, நாராயணா என்பதைத் தவிர.

சாயங்காலம் தெப்பக்குளம். கரை முழுக்க அகல் விளக்குகள், கால் வைக்க இடமில்லை. வேண்டுதல் உள்ளவர்கள் இங்கிருந்து ஒரு விளக்கை எடுத்துப்போய், காசும் துளசியும் போட்டு மூடி, பூஜையறையில் வைத்துக் கும்பிடுவார்கள். நினைத்தது நடந்ததும் மாசியில் வந்து விளக்கேற்ற வேண்டும். என் மனைவி தயங்கி நிற்பதைப் பார்த்த ஒரு பாட்டி, தான் ஏற்றியிருந்த விளக்கையே காட்டி, “இத எடுத்துக்க தாயி, என் பேத்திக்குக் கொழந்த பொறந்த வெளக்கு” என்றார். முன்பின் தெரியாதவர்களுக்கு இப்படிக் கொடுக்க எத்தனை பெரிய மனசு வேண்டும்! ராமானுஜர் நின்று கொடுத்த ஊர் அல்லவா.

விமானத்தில் நிதானமாக ஏறிப் பார்க்க வேண்டுமானால் திருவிழாக் கூட்டம் இல்லாத நாளில், காலையிலேயே போய்விடுங்கள். அப்புறம் பிள்ளையார்பட்டியையும் குன்றக்குடியையும் அதே நாளில் தரிசித்துவிடலாம்.