தாத்தாவோட சவரக்கத்தி
பழைய சவரக்கத்தி வைத்திருப்பவர்கள் அலகை மட்டும் பளபளவென்று துடைக்கிறார்கள். துரு ஆரம்பிப்பதே பிடியின் இரண்டு தகடுகளுக்கு நடுவே, ஆணி அடித்த மூட்டில்தான். எங்கள் கும்பகோணம் பக்கம் ஐப்பசி அடைமழையில் அந்த இடுக்கு லேசில் காயாது. தாத்தாவுடையது ஜெர்மனியின் சோலிங்கன் ஊரில் செய்த கத்தி, கார்பன் எஃகு. ஈரம் தங்கினால் போச்சு.

முதலில் கூர் பக்கம் டேப் ஒட்டிவிடுங்கள். பழைய வேட்டியை நாடாவாகக் கிழித்து, தையல் மிஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு, ஆணி ஓரமாகக் கோர்த்து முன்னும் பின்னும் மெதுவாக இழுங்கள். செங்காவி நிறத்தில் அழுக்கு வரும். துணி வெள்ளையாக வரும்வரை விடாதீர்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுக்காகும். கொம்புப் பிடியைத் தண்ணீரில் ஊறப்போடவே கூடாது, கோணிக்கொள்ளும். ஆணியைத் தட்டிக் கழற்றவும் பார்க்காதீர்கள், பிடி பிளந்துவிடும்.