ஆத்தங்குடிக் கல்லைத் திரையில் பதிக்கிறேன்: இதுவரை நடந்தது

ஆத்தங்குடித் தரைக்கல்லைத் திரையில் பதித்துக் காட்டும் நிரல் ஒருவழியாக ஒரு நிலைக்கு வந்துவிட்டது. பூக்கல் ஒன்றை வரைந்து, நிறங்களை நிரப்பி, கூடத்தின் நீள அகலத்தைக் கொடுத்தால், ஓரக் கல்லோடு சேர்த்துத் தரை முழுவதையும் பதித்துக் காட்டுகிறது. வரைகிற பகுதியை எழுதியது பெரிய வேலையில்லை. வரைந்ததைத் திரை ஒழுங்காகக் காட்ட வைப்பதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது. அதற்குப் பட்ட பாட்டை மட்டும் இங்கே எழுதுகிறேன். கோப்புச் சேமிப்பு, கல் எண்ணிக்கைக் கணக்கு போன்றவற்றில் சொல்ல ஒன்றுமில்லை.

ஆத்தங்குடியில் பழக்கமான அண்ணன் ஒருவர் கல் பட்டறை வைத்திருக்கிறார். வாங்க வருகிறவர்கள் ஒற்றைக் கல்லைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தரை முழுக்கப் போட்டால் எப்படி இருக்கும்?" என்று கேட்பார்கள். அவரும் சளைக்காமல் கற்களைத் தூக்கி வந்து மண்ணில் பரப்பிக் காட்டுவார். நிறத்தை மாற்றிக் காட்டச் சொன்னால் அதற்கு வழியில்லை. அந்த வேலையைத்தான் கணினியிடம் ஒப்படைக்க நினைத்தேன்.

சி மொழி, விண்டோஸின் பழைய ஜிடிஐ வரைகலை, மின்ஜிடபிள்யூ தொகுப்பி. இவ்வளவுதான் கருவிகள். இந்தக் காலத்தில் எதற்கு ஜிடிஐ என்று கேட்பவர்களுக்கு: பட்டறையில் இருப்பது பழைய மடிக்கணினி, இணையம் நினைத்தால் வரும். ஒரே ஒரு கோப்பைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் எதையும் நிறுவாமல் ஓட வேண்டும். கொஞ்சம் பிடிவாதமும் உண்டு என்பதை மறைப்பானேன்.

முதலில் வந்தது மினுக்கம். சாளரத்தின் அளவை மாற்றும்போது தரை முழுவதும் வெள்ளையும் படமுமாகத் துடித்தது. விண்டோஸ் ஒவ்வொரு முறையும் பின்னணியை வெள்ளையடித்துவிட்டுத்தான் நம்மை வரையச் சொல்கிறது. அந்த இடைவெளிதான் கண்ணுக்குத் தெரிகிறது. டபிள்யூஎம் இரேஸ்பிகேஜிஎன்டி என்ற செய்தி வந்தால் ஒன்றும் செய்யாமல் 1 என்று திருப்பி அனுப்பிவிட வேண்டும். வரைவதையும் நேரே திரையில் வரையாமல் நினைவகத்தில் ஒரு பிட்மேப்பில் (பிக்சல்களின் கட்டமாக வைத்திருக்கும் படம்) முழுவதும் வரைந்து, பிட்பிளிட் என்ற கட்டளை கொண்டு ஒரே வீச்சில் திரைக்கு மாற்ற வேண்டும். செய்ததும் துடிப்பு நின்றது.

நின்றது, ஆனால் காவியும் மஞ்சளும் பச்சையும் போய், தரை முழுவதும் கறுப்பு வெள்ளையாகிவிட்டது. அண்ணனுக்கு அது பிடித்துப்போனது. "நன்றாகத்தானே இருக்கிறது தம்பி, இப்படியே விட்டுவிடு. சென்னைக்காரர்கள் இதைத்தான் கேட்கிறார்கள்" என்றார். விட முடியுமா? காரணம் இது: பிட்மேப்பை உருவாக்கும் கிரியேட்கம்பேட்டிபிள்பிட்மேப் என்ற கட்டளைக்கு எந்த டிசியை (எங்கே வரைவது என்று ஜிடிஐக்குச் சொல்லும் கைப்பிடி) கொடுக்கிறோமோ அதற்கு ஒத்த பிட்மேப் கிடைக்கும். புதிதாக உருவாக்கிய நினைவக டிசிக்குள் தொடக்கத்தில் இருப்பது ஒரே ஒரு பிக்சல் கொண்ட ஒற்றை நிற பிட்மேப். அதைக் கொடுத்தால் அதற்கு ஒத்த கறுப்பு வெள்ளைதான் வரும். கொடுக்க வேண்டியது திரையின் டிசியை. பெயரில் 'கம்பேட்டிபிள்' என்று போட்டிருப்பதை அது அப்படியே காப்பாற்றுகிறது, அவ்வளவுதான்.

அடுத்த கோளாறுதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. பூக்கல்லின் படத்தை டிஐபி என்ற வகை பிட்மேப்பில் நானே பிக்சல் பிக்சலாக எழுதுகிறேன். அங்குலத்துக்கு 25 பிக்சல் என்று வைத்திருந்தேன். 8 அங்குலக் கல் 200 பிக்சல், அழகாக வந்தது. 10 அங்குலக் கல்லுக்கு மாற்றியதும் பூ அப்படியே சாய்ந்து, காற்றில் இழுபட்ட துணியாகக் கோணிக்கொண்டு போயிற்று. சாய்ந்ததோடு விடாமல் நிறங்களும் வரிசைக்கு வரிசை மாறி வானவில் கோடுகளாகிவிட்டன. வரைகிற கணக்கில் பிழை என்று சைன், கொசைன் எல்லாவற்றையும் சரிபார்த்ததில் பயனில்லை. அங்கே பிழையே இல்லை.

சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் ஒவ்வொன்றாகப் பிக்சலுக்கு 3 பைட். 200 பிக்சல் என்றால் வரிசைக்கு 600 பைட். 4 ஆல் வகுபடும். 250 பிக்சல் என்றால் 750, வகுபடாது. ஆனால் டிஐபியில் ஒவ்வொரு வரிசையும் 4 பைட்டின் மடங்கில்தான் முடிய வேண்டும். ஆகவே விண்டோஸ் வரிசைக்கு 752 பைட் என்று எடுத்துக்கொள்கிறது. நான் 750 பைட்டாக நெருக்கி எழுதிக்கொண்டே போகிறேன். வரிசைக்கு இரண்டு பைட் பிசகு. இரண்டு பைட் என்பது முழுப் பிக்சலும் அல்ல, மூன்றில் இரண்டு பங்கு. அதனால்தான் படம் சாய்வதோடு சிவப்பு பச்சையின் இடத்திலும் பச்சை நீலத்தின் இடத்திலும் போய் உட்கார்ந்து, மூன்று வரிசைக்கு ஒருமுறை சரியாகி, மீண்டும் கெடுகிறது. வரிசையின் நீளத்தை 752 என்று வைத்து, மிச்ச இரண்டு பைட்டைத் தொடாமல் தாண்டியதும் பூ நிமிர்ந்துவிட்டது. படம் சாய்ந்து, கூடவே வானவில்லும் தெரிந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். வரிசை நீளத்தைப் பாருங்கள். பிக்சலுக்கு 4 பைட் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே கிடையாது. இப்போது அப்படித்தான் மாற்றியிருக்கிறேன்.

நிறத்திலும் ஒரு குளறுபடி இருந்தது. நிறப் பட்டியலில் காவி காவியாகவே தெரிகிறது. கல்லில் போட்டால் நீலம். மஞ்சள் வெளிர்நீலம். பச்சை மட்டும் ஏறக்குறைய அப்படியே இருந்தது, துப்பும் அதுதான்: பச்சை நடுவில் இருப்பது, இரு ஓரமும் இடம் மாறினாலும் அதற்குப் பாதிப்பில்லை. நிறப் பட்டியலை நிரப்பும் ஜிடிஐ தூரிகைக்குக் கொடுக்கும் நிற எண்ணில் சிவப்பு கீழ் பைட்டில் இருக்கிறது; டிஐபியின் நினைவகத்திலோ நீலம் முதலில் வருகிறது. ஒரே எண்ணை இரண்டு இடத்திலும் பயன்படுத்தினால் இப்படித்தான் ஆகும். ஆத்தங்குடிக் கல்லில் நீலமும் உண்டு என்பதால் அண்ணன் இதையும் ஒரு புது வடிவம் என்றே எடுத்துக்கொண்டார்.

படம் தலைகீழாக இருந்தது என்பது இத்தனைக்கும் பிறகுதான் தெரிந்தது. டிஐபியில் உயரத்தை 250 என்று கொடுத்தால் முதல் வரிசை அடியில் இருக்கும்; கழித்தல் 250 என்று கொடுத்தால்தான் மேலிருந்து தொடங்கும். இது ஏன் அதுவரை தெரியவில்லை? பூக்கல் நாலு பக்கமும் ஒரே மாதிரி. தலைகீழாகப் போட்டாலும் அதே பூ, இடம் வலம் மாற்றினாலும் அதே பூ. ஓரக் கல்லில் கொடியை வரைந்தபோதுதான் கொடி கீழ்நோக்கி வளர்ந்தது.

இந்த வேலையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். அழகான, சமச்சீரான படத்தை வைத்துக்கொண்டு வரைகலையைச் சோதிக்கவே கூடாது. அது பிழையை மூடி மறைக்கும். இப்போது சோதனைக்கென்றே ஓர் அவலட்சணமான கல் வைத்திருக்கிறேன். நடுவில் பெரிய 'ழ'. மூன்று மூலையில் தூய சிவப்பு, பச்சை, நீலம். நான்காவது மூலை காலி. குறுக்கே ஒரு சாய்கோடு, சுற்றிலும் ஒரே பிக்சல் தடிமனில் வெள்ளைக் கட்டம். அகலம் வேண்டுமென்றே 250. எழுத்து திரும்பினால் தெரியும், நிறம் இடம் மாறினால் மூலை காட்டிக்கொடுக்கும், வரிசை பிசகினால் சாய்கோடு முறியும், ஒரு பிக்சல் வெட்டுப்பட்டாலும் வெள்ளைக் கட்டத்தின் ஒரு பக்கம் காணாமல் போகும். எந்த மாற்றம் செய்தாலும் முதலில் இந்தக் கல்லைத்தான் பதித்துப் பார்க்கிறேன்.

பட்டறைக்கு இடம் வலம் சாதாரண விஷயமல்ல என்பதும் இதற்கு ஒரு காரணம். ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் வடிவ அச்சை இறக்கி, அறை அறையாக நிறச் சிமெண்டை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதன் மேல் கலவையைப் போட்டு மட்டம் செய்கிறார்கள். பிறகு காயவைத்துத் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம்தான் பளபளப்பான முகப்பு. ஆகவே ஊற்றுகிறவர் மேலிருந்து பார்ப்பது முடிந்த கல்லின் கண்ணாடி பிம்பம். நிரலில் 'பட்டறைப் பார்வை' என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறேன். படத்தை நீட்டியோ சுருக்கியோ மாற்றும் ஸ்ட்ரெட்ச்பிளிட் கட்டளையில் அகலத்துக்குக் கழித்தல் குறி போட்டால் படம் இடம் வலம் மாறி விழுகிறது.

ஸ்ட்ரெட்ச்பிளிட்டைப் பற்றி இன்னொன்று. பெரிய கூடத்தைச் சுருக்கிக் காட்டும்போது நிறமெல்லாம் அழுக்கேறிக் கறுத்தது. சுருக்கும்போது நீக்கப்படும் பிக்சலை மிஞ்சும் பிக்சலோடு பிட் பிட்டாகக் கலந்து கறுப்பைக் காப்பாற்றுவதுதான் அதன் இயல்பான முறை; கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு அது சரி. பக்கத்துப் பிக்சல்களின் நிறத்தைச் சராசரியாக எடுக்கும் ஹாஃப்டோன் முறைக்கு மாற்றியதும் தெளிந்தது.

பிறகு கானாடுகாத்தான். அங்கே ஓர் ஆச்சி, பழைய வீட்டின் இரண்டாம் கட்டில் உடைந்த தரையை மாற்ற நினைத்திருந்தார். பேரனின் மடிக்கணினியில் நிரலை ஓட்டிக் காட்டினேன். ஆச்சி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கண்ணாடியில் ஒன்றுமில்லை, படமே மங்கலாகத்தான் இருந்தது. அந்தக் கணினியில் திரையில் எல்லாவற்றையும் 125 விழுக்காடாகப் பெரிதாக்கிக் காட்டும்படி வைத்திருந்தார்கள். நிரல் தனக்கு டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) தெரியும் என்று சொல்லாவிட்டால், விண்டோஸ் அதை 96 டிபிஐயில் வரையவிட்டு, வந்த படத்தை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். மங்கலுக்கு அதுதான் காரணம். நிரலைப் பற்றி விண்டோஸுக்குச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பில், அந்தந்தத் திரையின் டிபிஐக்கு நானே வரைந்துகொள்கிறேன் என்று பொருள்படும் பெர்மானிட்டர்விடூ என்பதை அறிவித்தேன். விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து இது செல்லும். அதற்கு முந்தையவற்றுக்குப் பழைய அறிவிப்பும் கூடவே வேண்டும்.

அடுத்த முறை எழுத்தும் பூவும் கூர்மையாகத் தெரிந்தன. ஆச்சி திரையைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு, "இப்படிச் சந்து விட்டுப் பதித்தால் எறும்பு குடிவந்துவிடுமே, தம்பி" என்றார். இரண்டு கல்லுக்கு ஒரு சந்து, மயிரிழையாக வெள்ளைக் கோடு. என் கணினியில் அது கிடையாது.

10 அங்குலக் கல் 250 பிக்சல். 125 விழுக்காட்டில் 312.5. அரைப் பிக்சல் என்று ஒன்று இல்லை. கற்களின் இடது ஓரங்கள் 0, 312, 625, 937, 1250 என்று விழுகின்றன. கல்லின் அகலத்தையோ நான் எப்போதும் 312 என்றே வைத்திருந்தேன். 312-இல் தொடங்கும் கல் 624-இல் முடிகிறது. அடுத்தது 625-இல் தொடங்குகிறது. இடையில் ஒரு பிக்சல் பின்னணி எட்டிப் பார்க்கிறது. முன்பு விண்டோஸ் மொத்தப் படத்தையும் சேர்த்து இழுத்ததால் மங்கலோடு மங்கலாகச் சந்து இல்லாமல் இருந்தது. அளவிடும் பொறுப்பை நான் ஏற்றதும் வெளியே வந்துவிட்டது. அகலம் என்று தனியாக ஒன்றை வைக்காமல், அடுத்த கல்லின் இடது ஓரம் எதுவோ அதுவே இந்தக் கல்லின் வலது ஓரம் என்று எழுதினேன். ஒரு கல் 312, ஒரு கல் 313. கண்ணுக்கு வித்தியாசம் தெரிவதில்லை, சந்து மறைந்தது. கொத்தனார் முந்தின கல்லிலிருந்து அளக்காமல் சுவருக்குச் சுவர் நூல் கட்டி அதற்குப் பதிப்பதும் இதே கணக்குதான்.

கடைசியாக ஒரு கமுக்கமான கோளாறு. நிரல் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று பொத்தான்களில் எழுத்து மறையும், தரை பாதி வெள்ளையாகும். பிழைச் செய்தி எதுவும் வராது. டாஸ்க் மேனேஜரின் விவரப் பகுதியில் ஜிடிஐ பொருள்கள் என்ற பத்தியைச் சேர்த்துப் பார்த்தால் எண் ஏறிக்கொண்டே போகிறது. கல்லின் ஓரக் கோட்டுக்கு ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பேனாவை (கோடு போடும் ஜிடிஐ பொருள்) உருவாக்கி, அழிக்காமல் விட்டதன் பலன். ஒரு நிரலுக்கு விண்டோஸ் இயல்பாக அனுமதிப்பது 10,000 ஜிடிஐ பொருள்கள். 20-க்கு 15 கல் கொண்ட கூடத்தை ஒருமுறை வரைந்தால் 300 பேனா. முப்பத்து நான்காவது முறை வரையும்போது கதை முடிந்தது. சாளரத்தின் ஓரத்தைப் பிடித்து இரண்டு இழுப்பு இழுத்தாலே அது ஆகிவிடும். இப்போது நிரல் தொடங்கும்போது ஒரே ஒரு பேனாவை உருவாக்கிக் கடைசிவரை வைத்துக்கொள்கிறேன். அழிப்பதற்கு முன் பழைய பேனாவை டிசியில் திரும்பப் போட வேண்டும். தேர்வில் இருக்கும் பேனாவை அழிக்கக் கூடாது.

சின்ன விஷயம் ஒன்று பாக்கி: சாளரத்துக்கு 1000 பிக்சல் அகலம் கொடுத்தால் 250 பிக்சல் கல் நாலு அடங்காது. அந்த 1000-க்குள் சட்டமும் அடக்கம். உள்பரப்பு 1000 வேண்டுமென்றால் அட்ஜஸ்ட்விண்டோரெக்ட் என்ற கட்டளையிடம் கேட்டு வெளியளவைப் பெற வேண்டும்.

அண்ணன் இப்போது கேட்பது காகிதம். கல்லின் வடிவ அச்சைச் செய்கிறவரிடம் கொடுக்க, கல்லின் முழு அளவில் படம் வேண்டுமாம். திரைக்கு வரைந்த பிட்மேப்பை அப்படியே அனுப்ப முடியாது. 600 டிபிஐ அச்சுப்பொறியில் என் ஒரு பிக்சல் 24-க்கு 24 புள்ளியாகப் படிக்கட்டு கட்டி நிற்கும். கோடுகளை அச்சுப்பொறியின் அளவுக்கே மீண்டும் வரைய வேண்டும். அந்தப் பகுதியைத் தொடங்கிவிட்டேன். 8 அங்குலம் என்பது 203.2 மில்லிமீட்டர், ஏ4 தாளின் அகலம் 210. பக்கத்துக்கு 3.4 மில்லிமீட்டர்தான் மிச்சம். பல அச்சுப்பொறிகள் அவ்வளவு ஓரத்துக்குப் போவதில்லை. 10 அங்குலக் கல் ஏ4-இல் அடங்கவே அடங்காது. காரைக்குடியில் ஏ3 தாள் போடுகிற கடை எது என்று இனிமேல்தான் விசாரிக்க வேண்டும்.