நியூ ஜெர்சியில் ஒரு டெக், திருவையாற்றில் ஒரு மேஸ்திரி

காவிரிக் கரையில் வீடு கட்ட நினைப்பவர் மேஸ்திரியைத் தேடி அலைவதில்லை. தாத்தா வீட்டுக்குச் சுவர் எழுப்பியவரின் மகன், அத்தை வீட்டுக்குத் தளம் போட்டவர் என்று யாராவது ஒருவர் ஏற்கெனவே குடும்பத்தோடு ஒட்டியிருப்பார். திருவையாற்றுப் பக்கம் எங்கள் ஊரில் எழுத்தில் எதுவும் கிடையாது. கையில் கொஞ்சம் அட்வான்ஸ், சனிக்கிழமை சாயங்காலம் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி, நிலை வைக்கும் நாளில் ஆசாரிக்கு வேட்டி துண்டு. வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போனவரும் மறுநாள் அதே டீக்கடைக்குத்தான் வந்தாக வேண்டும். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரும் அவ்வளவு சுலபத்தில் ஏமாற்ற மாட்டார்கள்.

நியூ ஜெர்சியில் வீடு வாங்கியபோது எனக்கு இல்லாமல் போனது அந்த ஊர்தான். வீட்டின் பின்கதவைத் திறந்தால் நாலடிப் பள்ளம். அங்கே இருந்த டெக் உளுத்துவிட்டதென்று பழைய சொந்தக்காரர்களே பிரித்துப் போட்டிருந்தார்கள். டெக் என்றால் மரத்தூண்கள் மேல் உத்திரமும் சட்டமும் போட்டு, பலகை அடித்து, சுற்றிலும் கைப்பிடி வைத்த திறந்தவெளித் தளம். கோடை வந்தால் அந்த ஊரில் வாழ்க்கையே அதன்மேல்தான். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தக் கதவை எத்தனை நாள் பூட்டியே வைத்திருப்பது?

இந்த விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்தபடி கேட்டார்: "ஒரு மரத்திண்ணை கட்டுறதுக்குக் கவர்மெண்டுகிட்ட பர்மிஷனா? எதுக்கும்மா அவ்வளவு காயிதம்?" பக்கத்தில் என் சித்தி மகன். அவனும் அடுத்த மாதம் அங்கேதான் குடிபோகிறான். அவனுக்காகவே விவரமாகச் சொன்னேன்.

எங்களுக்கு முதலில் வந்த கான்ட்ராக்டர், தெரிந்தவர் ஒருவர் கைகாட்டியவர். நன்றாகப் பேசினார். பெர்மிட் எடுத்தால் நாளாகும், அது வேண்டாம், செலவும் குறையும் என்றார். பாதிப் பணத்தை முன்கூட்டியே ரொக்கமாகக் கேட்டார். பதிவு எண் என்னவென்று கேட்டேன். பேச்சு வேறு பக்கம் போனது. நானும் என் கணவரும் அன்றைக்கே வேண்டாமென்று முடிவு செய்துவிட்டோம். பெர்மிட் இல்லாமல் கட்டிய டெக், வீட்டை விற்கும் நாளில் பிரச்சினையாக வந்து நிற்கும். அதைவிடப் பெரிய விஷயம், அதை யாருமே வந்து சோதித்திருக்க மாட்டார்கள்.

நியூ ஜெர்சியில் வீட்டு வேலை எடுக்கும் கான்ட்ராக்டர் மாநிலத்தின் நுகர்வோர் விவகாரப் பிரிவில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்த எண் அவருடைய வண்டியிலும் விளம்பரத்திலும் இருக்க வேண்டும்; இணையத்தில் நாமே சரிபார்த்துக்கொள்ளலாம். 500 டாலருக்கு மேற்பட்ட வேலை என்றால் ஒப்பந்தம் எழுத்தில்தான். என்ன பொருள், மொத்தம் எவ்வளவு, எப்போது ஆரம்பம், எப்போது முடிவு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இன்சூரன்ஸ் சான்றிதழின் நகலும் கூடவே வர வேண்டும். கையெழுத்தான நகல் நம் கைக்கு வந்ததிலிருந்து மூன்றாவது வேலைநாள் நள்ளிரவு வரை ரத்து செய்யவும் உரிமை உண்டு. "அப்ப ஊரு செய்யற வேலைய அங்க காயிதம் செய்யுது" என்றார் பெரியப்பா. ஆமாம், சரியாக அதுதான்.

ஆனால் காகிதம் ஆளின் கைவேலையைச் சொல்லாது. அதற்கு எனக்குக் கைகொடுத்தவர் திருவையாற்றில் மேஸ்திரி வேலை பார்க்கும் என் தாய்மாமா. போனில் அவர் சொன்னது: "பாப்பா, அவன் புதுசா கட்டுன வீட்டப் பாக்காத. நாலஞ்சு மழை பாத்த வீட்டப் பாரு." இரண்டாவதாக வந்தவர் கொஞ்சம் வயதானவர், அதிகம் பேசாதவர். பழைய வேலை ஏதாவது பார்க்கலாமா என்றதும் தயங்காமல் விலாசங்கள் கொடுத்தார். பல குளிர்காலம் கண்ட ஒரு டெக்கைப் போய்ப் பார்த்தோம். கைப்பிடியைப் பிடித்து உலுக்கினோம், ஆடவில்லை. கதவடியில் ஈரம் ஊறிய தடம் இல்லை. அந்த வீட்டுக்காரம்மா சொன்ன ஒரு விஷயம் மனதில் நின்றது: ஒரு பலகை முறுக்கிக்கொண்டபோது கூப்பிட்டாராம், அவரே வந்து மாற்றிக் கொடுத்தாராம்.

பெர்மிட் வந்தது. பூமிக்குள் போகும் கேஸ், மின்சார லைன்களைக் குறித்துவிட்டுப் போக 811 என்ற போன் எண்ணுக்குச் சொன்னார்கள். அது இலவசம், தோண்டுவதற்கு மூன்று வேலைநாள் முன்பே சொல்லிவிட வேண்டும். அப்புறம் தூண்களுக்குக் குழி எடுத்தார்கள். எங்கள் டவுன்ஷிப்பில், அதாவது உள்ளூர் நகராட்சியில், 36 அங்குல ஆழம். வீடியோவில் பார்த்த மாமாவுக்கு ஆச்சரியம். "மேல ஒரு மாடியா வருது? பலகைதானே, இதுக்கு எதுக்கு மூணடி?"

காரணத்தைச் சொன்னதும் அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அங்கே குளிர்காலத்தில் மண்ணில் உள்ள ஈரம் உறைந்து உப்பும். வசந்தத்தில் இளகி அமுங்கும். உறையும் ஆழத்துக்குக் கீழே காங்கிரீட் உட்காரவில்லை என்றால் தூணையே தூக்கிவிடும். நம் டெல்டாவின் களிமண் வேறு காரணத்தால் இதையேதான் செய்கிறது. ஆற்றில் தண்ணீர் வந்து வயல் நனைந்தால் உப்புகிறது, கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. மேலாக வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டிக் கட்டிய சுவர் இரண்டு வருஷத்தில் மூலையில் கீறல் விடும். மாமா வாழ்நாள் முழுக்கக் களியை வெட்டியெடுத்து, மணல் கொட்டி, தண்ணீர் விட்டு இறுக்கியவர். "அங்கயும் மண்ணு மூச்சு விடுதுன்னு சொல்லு" என்றார்.

குழி எடுத்த ராத்திரியே மழை. காலையில் குழிகளில் தண்ணீர் நின்றது. காங்கிரீட் போடுவதற்கு முன் டவுன்ஷிப் இன்ஸ்பெக்டர் குழியைப் பார்த்தாக வேண்டும். மாமா போனிலிருந்தே, "தண்ணிய எறச்சா மட்டும் பத்தாது, அடியில கலங்குன சேத்த வழிச்சு எடுக்கச் சொல்லு, கெட்டி மண்ணு தெரியணும்" என்றார். நான் மொழிபெயர்த்துச் சொல்வதற்குள் அந்தப் பெரியவர் மண்வெட்டியோடு அதையேதான் செய்துகொண்டிருந்தார். அன்றைக்கே எனக்கு அவர் மேல் முழு நம்பிக்கை வந்துவிட்டது.

சித்தி மகனிடம் நான் அழுத்திச் சொன்ன இன்னொரு இடம், டெக் வீட்டுச் சுவரோடு சேரும் லெட்ஜர் பலகை. டெக்குகள் இடிந்து விழும் விபத்துகளில் பெரும்பாலும் பிடி விடுவது அங்கேதான். வெறும் ஆணி அடித்தால் நாளடைவில் கழன்றுவரும். போல்ட்டோ அதற்கான கனத்த திருகாணியோ போட வேண்டும். மேலே மழைநீர் உள்ளே இறங்காமல் தகடு மடித்து விட வேண்டும். உளுக்காமல் இருக்க மருந்தேற்றிய மரத்தைப் பற்றியும் ஒன்று: ஆர்சனிக் கலந்த மருந்தை வீட்டு மரங்களுக்கு 2003 முடிவோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது செம்பு கலந்த மருந்து. அது சாதாரண ஆணியை அரித்துவிடும் என்பதால் கெட்டியாகத் துத்தநாகம் பூசியதோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோதான் வாங்க வேண்டும். எஸ்டிமேட்டில் ஆணியின் வகையைக்கூட எழுதியிருக்கும் கான்ட்ராக்டரை நம்பலாம் என்பது என் கருத்து.

தரையிலிருந்து 30 அங்குலத்துக்கு மேல் உயர்ந்தால் கைப்பிடி கட்டாயம். உயரம் குறைந்தது 36 அங்குலம். கம்பிகளுக்கு நடுவே 4 அங்குலப் பந்து நுழையக்கூடாது. குழந்தையின் தலை மாட்டிக்கொள்ளக் கூடாதே. இன்ஸ்பெக்டர் இதையெல்லாம் டேப் வைத்து அளந்து பார்த்தார். பணத்தை வேலை நகர நகரக் கொடுத்தோம், கடைசித் தவணையை இறுதிச் சோதனைச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு. சான்றிதழ்களைக் கொடுத்த பிறகே கடைசிப் பணம் கேட்க வேண்டும் என்பது அந்த மாநிலத்தில் விதி. அவரும் அதற்கு முன் கேட்கவில்லை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மாமா மறுநாள் ஒரு நோட்டோடு வந்தார். சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர் இங்கே வீடு கட்ட அவரிடம் கேட்டிருக்கிறாராம். அந்தப் பையன் இந்த ஊர் டீக்கடைக்கு வரப்போவதில்லை. அங்கேயிருந்து பணம் அனுப்பிவிட்டு ஒவ்வொரு ராத்திரியும் கவலைப்பட்டுக்கொண்டிருப்பான். "அவனுக்கும் அந்த மாதிரி ஒரு காயிதம் எழுதிக் குடுப்போம்" என்றார்.

கூடத்தில் உட்கார்ந்து எழுதினோம். களியை எவ்வளவு ஆழம் எடுப்பது, மணல் எத்தனை அடி நிரப்புவது, கம்பியின் கனம், காங்கிரீட் கலவை (சிமென்ட், மணல், ஜல்லி) 1:1.5:3, தளம் போட்ட பின் எத்தனை நாள் தண்ணீர் கட்டுவது, எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு பணம். கடைசியாக மாமாவே ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: மணல் நிரப்புவதற்கு முன் வானத்தைச் சிங்கப்பூர்க்காரருக்கு வீடியோவில் காட்டி, அவர் சரி சொன்ன பிறகே மேல்வேலை.