கையுறை போடாத பிட் மெக்ஃபீ

பேஸ்பால் என்றாலே பெரிய தோல் கையுறைதான் நினைவுக்கு வரும். ஆனால் அமெரிக்காவின் சின்சினாட்டி அணிக்காக 1882 முதல் 1899 வரை 18 சீசன் இரண்டாம் பேஸில் (மைதானத்தின் நான்கு மூலைத் தளங்களில் ஒன்றின் அருகே) நின்று ஃபீல்டிங் செய்த பிட் மெக்ஃபீ, அதில் பெரும்பகுதியை வெறுங்கையோடே ஆடினார். சீசனுக்கு முன் கைகளை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தோலை உரமேற்றிக்கொள்வாராம். மற்றவர்கள் கையுறைக்கு மாறி வருடக்கணக்கான பிறகும் அதே பிடிவாதம். கிரிக்கெட்டில் ஸ்லிப்பில் நின்று பந்து வாங்கியவர்களுக்கு அந்த வலி புரியும்!

1896இல் விரலில் அடிபட்டது. சரி என்று கையுறை மாட்டினார். அந்த ஆண்டு அவருடைய ஃபீல்டிங் சராசரி, அதாவது கைக்கு வந்த வாய்ப்புகளில் பிழையில்லாமல் முடித்த பங்கு, .978. அன்றைக்கு இரண்டாம் பேஸ்காரர்களில் அதுதான் சாதனை. முன்பே போட்டிருக்கலாமே மனுஷன்!

பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தது 2000இல். அவர் இறந்தது 1943இல்.